ஒரே லாரிப் பட்டையில் அடித்த இரண்டு கத்தி: ஒன்றில் பல் விழுகிறது, இன்னொன்று மழுங்குகிறது

கேள்வி: காரைக்குடியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறோம். ஊர்ப் பட்டறையில் ஒரே லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து இரண்டு கறிக்கத்தி அடித்து வாங்கினோம். ஒன்று ஆட்டு எலும்பில் பட்டாலே பல் விழுகிறது. இன்னொன்று பத்துக் கிலோ சின்ன வெங்காயம் நறுக்குவதற்குள் மழுங்கிவிடுகிறது. மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விஜி-10 என்ற துருப்பிடிக்காத இரும்பில் செய்த கத்தியும் எலும்பில் சில்லு விட்டது. எந்த இரும்பில் வாங்கினால் நிற்கும்?

பதில்: புதுக் கத்தி வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரே பட்டையில் பிறந்த இரண்டு கத்தி எதிரெதிராக நடந்துகொண்டால் குறை பெரும்பாலும் இரும்பில் இருக்காது, பதம் போட்டதில், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியதில்தான் இருக்கும். லாரிப் பட்டையில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். எலும்பு வெட்டும் கத்திக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தப் பட்டையை 830–850 டிகிரிக்குக் காய்ச்சும்போது கார்பன் இரும்புக்குள் கரைகிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணெயில் தோய்த்தால், கரைந்த கார்பன் பிரிந்து வர நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இப்படி உண்டாகும் இரும்பின் அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர், அது மிகக் கடினமானது. ஆனால் அப்போதைக்குத் தரையில் தவறி விழுந்தாலே உடையலாம். அதனால் 200 டிகிரி அளவில் மறுபடி சூடேற்றி முறுக்கைத் தணிக்க வேண்டும். அவசர வேலையில் விடுபட்டுப்போவது இந்த இரண்டாவது சூடுதான்.

பல் விழும் கத்தியின் உடைந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் நைசாக இருந்தால் குறை தணிப்புச் சூடு போதாததில் மட்டும்தான். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஓடிஜி என்னும் மின்சார அடுப்பில் மணல் பரப்பிய தட்டில் கத்தியை வைத்து, 220 டிகிரியில் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஆறியதும் இன்னொரு முறை அதேபோல். அடுப்பின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இருபது முப்பது டிகிரி தவறுவது சாதாரணம். தனியாக ஓர் அடுப்பு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள்.

உடைந்த இடம் சர்க்கரை தூவியதுபோல் மின்னினால் கதை வேறு. அளவுக்கு மீறிக் காய்ச்சியதால் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் பெருத்துவிட்டன. எத்தனை முறை தணித்தாலும் அந்தக் கத்தி உடையும். முதலிலிருந்து பதம் போட வேண்டும்.

மழுங்கும் கத்தியைக் குறை சொல்வதற்கு முன், சாணை பிடித்தவரைக் கேளுங்கள். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்து விளிம்பு நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது. அங்கே பதம் இறங்கியிருக்கும். உலையில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோயிருந்தாலும் இதே தொல்லை வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து: தண்ணீர் விட்டுக் கையால் கல்லில் தீட்டி விளிம்பை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உள்ளே கொண்டுபோங்கள். உள்ளே நல்ல இரும்பு இருந்தால் கூர் நிற்கும். அதற்குப் பிறகும் புது அரம் விளிம்பை எளிதாகக் கடித்துச் சுரண்டினால் கத்திக்குப் பதமே ஏறவில்லை.

மறுபதம் போட ஆசாரியிடம் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து கவனியுங்கள். முதலில் மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் சூடு சற்றுக் குறைவாக. பெருத்த மணி இதில்தான் நைசாகும். பிறகு பதச்சூடு. சுமார் 770 டிகிரியில் காந்தம் இரும்பைப் பிடிக்காமல் விட்டுவிடும். அதைத் தாண்டி இன்னும் ஒரு சாயல் நிறம் ஏறினால் போதும். வெயிலில் நிறம் தெரியாது, நிழலில் செய்யச் சொல்லுங்கள். தோய்க்கக் கடலை எண்ணெய் போதும்: நான்கைந்து லிட்டர், 50–60 டிகிரிச் சூட்டில், மூடியுள்ள ஆழமான இரும்புப் பாத்திரத்தில். எண்ணெய் தீப்பிடித்தால் மூடித்தான் அணைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. உலையிலிருந்து எண்ணெய்க்கு ஓரிரு விநாடிக்குள் போக வேண்டும். உள்ளே போனதும் கத்தியை மேலும் கீழுமாக அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் வளையும். தண்ணீரில் தோய்த்தால் இந்தப் பட்டை விரிசல் விட வாய்ப்பு அதிகம். பழைய இன்ஜின் ஆயில் சமையல் கத்திக்கு ஆகாது. கையால் தொடும் சூட்டுக்கு ஆறியதும், அன்றைக்கே தணிப்புச் சூடு.

அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கை தேர்ந்த ஆசாரி கிடைத்தால் விடாதீர்கள். கட்டடக் கம்பியில் மட்டும் கத்தி அடிக்கச் சொல்லாதீர்கள். அதில் கார்பன் சுமார் 0.2 சதவீதம்தான், கூர் தாங்கும் அளவுக்குப் பதம் ஏறாது. பாத்திர எவர்சில்வருக்கோ தோய்த்துப் பதம் போடவே முடியாது.

விஜி-10 நல்ல இரும்புதான். கார்பன் ஒரு சதவீதம், குரோமியம் சுமார் 15, ராக்வெல் சி அளவில் 60 வரை கடினம். ஆனால் பக்கத்துக்கு 15 டிகிரிக் கோணத்தில் மெல்லிசாகத் தீட்டிய விளிம்பு எலும்புக்கானதல்ல. சில்லு மறையும்வரை கல்லில் தீட்டிவிட்டு வெங்காயம், காய்கறி, எலும்பில்லாத கறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை ஊர் உலையில் காட்டிவிட வேண்டாம். இந்த வகை இரும்புக்கு 1000 டிகிரிக்கு மேல் அளந்த சூடு தேவை.

எலும்புக்கு லாரிப் பட்டைக் கத்தி 54–56 ராக்வெல்லில், பக்கத்துக்கு 20–25 டிகிரி விளிம்போடு இருக்கட்டும். நாள் முழுக்கக் காய் நறுக்கும் ஆட்களுக்கு எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்று பொறித்த துருப்பிடிக்காத கத்தி வாங்கிக் கொடுங்கள். கார்பன் 0.5 சதவீதம், கடினம் 55–57. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். வாழைப்பூ, வாழைக்காய், மாங்காய்க்கும் இதுவே சரி. பட்டைக் கத்தியில் வாழைப்பூவை நறுக்கினால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பூ கறுத்துப்போகும். பட்டைக் கத்தியை வேலை முடிந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்கள். புளித்தண்ணீர் பட்டபடி ஒரு ராத்திரி கிடந்தாலே விளிம்பைத் துரு அரித்துவிடும்.