பெட்டியில் இல்லாத சார்ஜர்

கேள்வி: காலேஜ் சேரப்போகும் மகனுக்கு ஐபோன் பார்க்கப் போனோம். பெட்டியில் சார்ஜர் இல்லை, தனியாக வாங்க வேண்டுமாம். கேட்டால், சுற்றுச்சூழலுக்காகக் கம்பெனியே எடுத்துவிட்டது என்கிறார் கடைக்காரர். வாங்காமல் திரும்பிவிட்டோம். இவர்களுக்கு நிஜமாகவே சுற்றுச்சூழல் மேல் அக்கறை இருக்கிறதா, இல்லை எல்லாம் விளம்பரமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: அக்கறை இருக்கிறது சகோதரி, ஆனால் விற்பனையில் கை வைக்காத இடம் வரைக்கும்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நீங்கள் கேட்ட சார்ஜரிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோதுதான் ஆப்பிள் சார்ஜரையும் இயர்போனையும் பெட்டியிலிருந்து எடுத்தது. எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே சார்ஜர் கிடக்கிறது, இன்னொன்று எதற்கு, பெட்டி சின்னதானால் ஒரே முறையில் 70 சதவீதம் வரை கூடுதலாக அடுக்கி அனுப்பலாம் என்றார்கள். இந்த வாதத்தில் தப்பு இல்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பெட்டியில் அவர்கள் வைத்த கேபிளின் ஒரு முனை யூஎஸ்பி-சி என்ற புது வகை. அதுவரை பெரும்பாலான ஐபோன்களோடு வந்த சார்ஜரில் இருந்ததோ பழைய பட்டையான யூஎஸ்பி துளை, அதில் இந்தக் கேபிள் நுழையாது. பழைய கேபிளைப் பத்திரமாக வைத்திருந்தவர் சமாளித்தார், மற்றவர்கள் 1,900 ரூபாய் கொடுத்துப் புது சார்ஜர் வாங்கினார்கள், அதுவும் தனியாக இன்னொரு பெட்டியில் வந்தது. குப்பையைக் குறைப்பதுதான் முதல் நோக்கமென்றால், வீட்டில் கிடக்கும் சார்ஜரில் பொருந்துகிற கேபிளைத்தானே வைத்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா போனுக்கும் ஒரே மாதிரி சார்ஜிங் துளை இருந்தால் மின்னணுக் குப்பை குறையும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி கொண்டுவரப் பார்த்தது. புதுக் கண்டுபிடிப்புகளுக்கு இது முட்டுக்கட்டை என்று ஆப்பிள் எதிர்த்தது. 2022-இல் சட்டம் வந்தே விட்டது, அடுத்த ஆண்டு ஐபோன் 15-இல் யூஎஸ்பி-சி வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் தானாக வரவில்லை.

நம் வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத கதை இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு பாலாற்றில் கலந்து, கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை காய்ந்து, பயிர் வைக்க முடியாமல் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டன. யாராவது தாமாக முன்வந்து சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்தார்களா? 1991-இல் வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்து, மாசு செய்தவனே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன பிறகுதான், அதுவும் கட்டாயத்தின் பேரில், வேலை வேகமெடுத்தது. அப்படியும் முடிந்ததா? 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதனால் ஒரு கம்பெனி 'பசுமை' என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான். சார்ஜர் விஷயத்தில் அது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன், என்னைப் பொறுத்தவரை முழு விடையும் இதில்தான் இருக்கிறது. ஒரு போன் தன் வாழ்நாள் முழுக்க உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. ஐபோன் 12-க்கு ஆப்பிளே கொடுத்த கணக்கில் அது முக்கால் பங்குக்கும் மேல். அப்படியென்றால் ஒரு போனை இரண்டு வருஷத்துக்குப் பதிலாக ஐந்து வருஷம் வைத்துக்கொள்வதைவிட நல்ல காரியம் வேறு என்ன இருக்கிறது? 2017 டிசம்பரில், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலமாகக் குறைத்ததை ஆப்பிள் ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். ஆனால் பயன்படுத்துகிறவரிடம் அதைச் சொல்லவில்லை. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அதற்காகவே 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், 2018 முழுக்க அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்குக் குறைத்தார்கள். மக்கள் சந்தோஷமாகப் பேட்டரியை மாற்றிக்கொண்டு பழைய போனையே வைத்துக்கொண்டார்கள். பூமிக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஆனால் 2019 ஜனவரி 2-ஆம் தேதி தலைமை அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, அதற்கான காரணங்களில் ஒன்று வாடிக்கையாளர்கள் குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்டது என்கிறார். முதலீட்டாளர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது, சொல்லியிருக்கிறார். பூமிக்கு நல்லதாக அமைந்த ஒன்று அவர்கள் கணக்கில் நஷ்டமாக எழுதப்பட்டது. அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எந்தப் பசுமை விளம்பரத்தையும் நான் பழைய மாதிரி பார்ப்பதில்லை.

அதற்காக எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. தன் அலுவலகங்கள், கடைகள், டேட்டா சென்டர்கள் எல்லாவற்றுக்கும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற நிலையை ஆப்பிள் 2018-இல் எட்டியது. மறுசுழற்சி அலுமினியம் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். பாதரசம், ஆர்செனிக் போன்றவற்றைத் தங்கள் பொருட்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். உள்ளே வேலை செய்யும் பொறியாளர்களில் மனதார உழைப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் 2023-இல் ஒரு வாட்சை 'கார்பன் நியூட்ரல்', அதாவது அதனால் வெளியாகும் கார்பன் முழுக்க ஈடுகட்டப்பட்டது, என்று விளம்பரம் செய்தார்கள். பராகுவேயில் வளர்க்கும் தைல மரங்கள் மீதிக் கார்பனை ஈடுகட்டும் என்பது கணக்கு. அந்த நிலத்தில் 75 சதவீதத்துக்கான குத்தகை 2029-இல் முடிகிறது, அப்புறம் மரம் நிற்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி, அப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

ஆப்பிளை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2019-ஐ விட 2023-இல் தன் கார்பன் வெளியீடு 48 சதவீதம் கூடிவிட்டதாக கூகுளே அறிக்கை கொடுத்தது. 2030-க்குள் வெளியிடுவதைவிட அதிகமாகக் கார்பனை உறிஞ்சுவோம் என்று 2020-இல் உறுதி சொன்ன மைக்ரோசாஃப்ட்டுக்கும் குறையவில்லை, கூடித்தான் போனது. 2022-இல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால் பங்குகூட இல்லை. மீதி எங்கேயோ எரிகிறது, எங்கேயோ மண்ணில் கிடக்கிறது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமிய ஆலையின் கழிவு மலையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, கம்பெனி போன பிறகும் குப்பை போகாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வர வேண்டுமென்றால் மரக்கன்று வேண்டாம். நம் ஊர் மெக்கானிக் சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கழற்றிப் பேட்டரி மாற்றும்படி போனைச் செய்யட்டும், உதிரிபாகத்தை நியாயமான விலைக்கு அவருக்கும் விற்கட்டும், வெளியில் மாற்றிய பேட்டரி என்பதற்காகத் திரையில் எச்சரிக்கை காட்டிப் பயமுறுத்தாமல் இருக்கட்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, விதி வருகிறது. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும், கேட்காமல் கிடைக்காது.

சரி, உங்கள் மகன் விஷயம். இப்போது இருக்கும் போனை ஏன் மாற்றப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சார்ஜ் நிற்கவில்லை என்பதுதான் காரணமென்றால், வேலூர் கோட்டைக்கு எதிரே, கடைகள் இருக்கும் சாரதி மாளிகைப் பக்கம் ஒரு நடை போய், அந்த மாடலுக்கு நல்ல பேட்டரி என்ன விலை என்று விசாரியுங்கள். புதுசுதான் வாங்குவது என்று முடிவானால், வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு சார்ஜரில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், இருந்தால் அதுவே போதும். கழற்றிய பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.