செம்பருத்தி டீ: புங்கா ராயாவா, ரொசெல்லா?

இந்த வாட்டி வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே குழப்பம்தான், வேலியில பூக்கற செம்பருத்தியும் பாக்கெட்டுல விக்கற ரொசெல்லும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிறீங்க. அத மொதல்ல பாத்துடுவோம்.

வீட்டு வேலியில இருந்து புங்கா ராயா பறிச்சி நல்லா கொதிக்க வச்சேன், ஊதா கலர்ல வழவழன்னு வந்துச்சி. ராத்திரி சந்தை பசார் மாலாம்ல குடிச்சது செவப்பா புளிப்பா இருந்துச்சே?

அக்கா, செடியே வேற. 1960ல மலேசியாவோட தேசிய மலரா வச்சாங்களே, அது புங்கா ராயா, நம்ம சாமிக்கு வைக்கற செம்பருத்தி. நீங்க பசார்ல குடிச்சது ரொசெல், மலாய்க்காரங்க அசாம் பாயான்னும் சொல்வாங்க, நம்ம புளிச்சக்கீரை குடும்பம். அதுல இதழ யாரும் போடறதில்ல, பூ உதிந்த பிறகு காயச் சுத்தி தடிப்பா செவப்பா ஒரு உறை நிக்கும் பாருங்க, அதத்தான் காய வச்சி டீ போடறது.

செம்பருத்தியிலயும் டீ நல்லாவே வரும், ஆனா கொதிக்க வைக்காதீங்க, அதான் வழவழப்புக்கு காரணம். நாலு பூ, அடியில இருக்கற பச்சைய கிள்ளிட்டு நடுத்தண்ட உருவிட்டு, இதழ மட்டும் கிளாஸ்ல போட்டு, அடுப்ப அணைச்ச பிறகு சுடுதண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வைங்க. இதழ் வெளுத்துப் போயி தண்ணி ஊதாவா நிக்கும். அதுல லிமாவ் கஸ்தூரி, அந்த குட்டி எலுமிச்சை, ரெண்டு சொட்டு விட்டா, விழுந்த எடத்துல மட்டும் மொதல்ல ஒரு செவப்பு ஓடும், கரண்டிய விட்டு ஒரு சுத்து சுத்தினா கிளாஸ் முழுக்க மாறிடும். பூவுல இருக்கற அந்தோசயனின்ங்கற சாயம் புளிப்பு பட்டா செவக்கும், அவ்வளவுதான் சங்கதி. எங்க வீட்டு பேத்திக்கு டீ வேணாம், இந்த வேடிக்கை மட்டும் தெனம் வேணும்.

எஸ்டேட் லயத்து வீட்டுக்கு பக்கத்துல ரோட்டோரம் நெறைய பூக்குது, பறிக்கலாமா?

வேணாம் தம்பி. செம்பனைக்கு, அதான் எண்ணெய்ப் பனைக்கு, அடிக்கற புல்லு மருந்து அங்கதான் வந்து விழும், டெங்கிக்கு புகை அடிச்சா அதுவும் இலை பூவெல்லாம் படியும். வீட்டுச் செடியா இருந்தாலும் புகை அடிச்ச வாரம் பறிக்காதீங்க.

ரொசெல் எவ்வளவு போடணும், எந்த பாத்திரம்?

ஒரு மக்குக்கு காஞ்சது நாலஞ்சு போதும், எட்டு நிமிஷம் ஊறட்டும். கண்ணாடி, பீங்கான், சில்வர் எது வேணும்னாலும் எடுங்க, அலுமினியம் மட்டும் வேணாம். நான் ஒருவாட்டி அலுமினிய சட்டியில போட்டு ராத்திரி முழுக்க விட்டுட்டேன், காலையில பாத்தா சட்டி உள்பக்கம் கருத்துப் போயி, வாயில வச்சா பழைய காசு நக்கின மாதிரி இருந்துச்சி, என் வூட்டுக்காரி அந்த சட்டிய கோழிக்கு தண்ணி வைக்க கொண்டு போயிட்டா. வெயில் நாளுக்கு பச்சத்தண்ணியிலயே போட்டு ஐஸ் பெட்டியில ராத்திரி வச்சிடுங்க, துவர்ப்பு கம்மியா வரும், எனக்கு இதான் புடிக்கும். ஒரு துண்டு செராய், அதான் எலுமிச்சைப் புல்லு, தட்டிப் போட்டா வாசம் தனி.

சிராப் பாண்டுங் மாதிரி பால் ஊத்தினேன், திரிஞ்சி போச்சி.

திரியத்தான் செய்யும், அது புளி. பாண்டுங் ரோஸ் சிராப்புல போடறது. இதுக்கு பால் வேணாம் லா.

பிரஷர் மாத்திரைய விட்டுட்டு இத குடிக்கலாம்னு வாட்ஸாப்ல வந்துச்சி?

இங்கதான் எனக்கு கோவம் வரும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில டிரஸ்ஸரா, டாக்டருக்கு ஒத்தாசையா இருந்தவன் நான், மாத்திரைய நிறுத்திட்டு ஒரு பக்கம் கை கால் விழுந்து வந்தவங்கள தூக்கிப் படுக்க வச்சிருக்கேன். ரொசெல் பிரஷர கொஞ்சம் கொறைக்குங்கறது பொய் இல்ல. 2010ல அமெரிக்காவுல வந்த ஆய்வுல 65 பேருக்கு தெனம் மூணு கப், ஆறு வாரம் குடுத்து பாத்தாங்க, குடிச்சவங்களுக்கு மேல் நம்பர் சராசரியா 7 கொறஞ்சது, சும்மா கலர் தண்ணி குடிச்சவங்களுக்கு 1 சொச்சம். ஆனா அந்த 65 பேரும் பிரஷர் கொஞ்சமா ஏறினவங்க, மாத்திரை சாப்பிடாதவங்க. 160, 170ன்னு நிக்கறவருக்கு 7 கொறஞ்சி என்ன ஆகப் போவுது? மாத்திரையும் எடுத்து இதையும் ஜக்கு ஜக்கா குடிச்சா ரொம்ப எறங்கி தலை சுத்தலாம், கிளினிக்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வயித்துல புள்ள இருக்கறவங்க இப்போதைக்கு தள்ளி வைங்க.

சீனி வியாதி இருக்கறவங்களும் கேட்டிருந்தீங்க. டீயில தப்பில்ல, புளிக்குதேன்னு நாலு கரண்டி சீனி கொட்டறதுலதான் தப்பு, குலா மெலாக்கா, அந்த தென்னை வெல்லம், போட்டாலும் அதே கணக்குதான்.

பச்ச ரொசெல் ஒரு கிலோ கெடச்சிச்சி, உள்ள இருக்கற காய எப்படி எடுக்கறது?

விரல் தடிமன்ல ஒரு சின்ன சில்வர் குழாய், ஓரம் கூரா இருக்கணும், காம்புப் பக்கம் வச்சி ஒரு அழுத்து, பச்சக் காய் அப்படியே பொக்குன்னு அந்தப் பக்கம் வந்துடும், உறை முழுசா கையில நிக்கும். மழை நாள்ல வெளிய காய வைக்காதீங்க, பூஞ்சணம் புடிக்கும், அவன்ல கம்மி சூட்டுல வச்சி, மடக்கினா படக்குன்னு ஒடையற வரைக்கும் காயணும். நல்லா முத்தின காயா இருந்தா ரெண்டு மூணு தனியா காய வச்சி விதை எடுத்துக்குங்க, நட்டா நாலஞ்சு மாசத்துல உங்க வாசல்லயே பறிக்கலாம்.