ஏலக்காய்க் கிடங்குகளை இணைக்க எம்.பி.எல்.எஸ். சரிவருமா?

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகம் போடிநாயக்கனூரில். கிடங்குகள் குமுளி, புற்றடி, வண்டன்மேடு, நெடுங்கண்டத்தில். பிராட்பேண்ட் மேல் வி.பி.என். (பொது இணையத்தின் மேல் போடும் தனி வழி) போட்டு ஓட்டுகிறோம். மாலை நேரத்தில் பில்லிங் மென்பொருள் திணறுகிறது. தொலைபேசிக் குரல் விட்டுவிட்டு வருகிறது. சேவை நிறுவனம், தன் சொந்த வலையில் லேபிள் ஒட்டித் தகவலை அனுப்பும் எம்.பி.எல்.எஸ்.-க்கு மாறச் சொல்கிறது. மாறலாமா?

பதில்: மாறலாம். ஆனால் நான்கு கிடங்குகளையும் ஒரே இரவில் மாற்ற வேண்டாம். காய் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் இதில் கையே வைக்காதீர்கள்.

பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) சேவை நிறுவனத்தின் வலைக்குள் நுழையும்போதே, அங்குள்ள ரவுட்டர் (வழி காட்டி அனுப்பும் கருவி) அதன்மேல் 20 பிட் எண் கொண்ட லேபிளை ஒட்டிவிடுகிறது. நடுவிலுள்ள ரவுட்டர்கள் ஐ.பி. முகவரியைத் தேடாமல், லேபிளைப் பார்த்து மாற்றி அனுப்புகின்றன. இதனால் வேகம் கூடும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய ரவுட்டர்களுக்கு முகவரி தேடுவது ஒரு பாரமே அல்ல. உண்மையான லாபம் வேறு. புற்றடியிலிருந்து குமுளிக்குப் போக வேண்டிய தகவல் போடிக்கு இறங்கி ஏற வேண்டியதில்லை. குரலுக்கு முன்னுரிமையும் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒப்பந்தத்தில் குரலுக்கென்று தனிச் சேவை வகுப்பு வாங்கியிருக்க வேண்டும், உங்கள் ரவுட்டரும் குரல் பாக்கெட்டுகளைக் குறியிட்டு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் எல்லாம் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

மாற்றத்தின்போது பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பழைய ஸ்டாடிக் ரூட்டில், அதாவது ரவுட்டரில் கையால் எழுதி வைத்த வழியில். ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் எதை எடுப்பது என்பதை ஒரு மதிப்பு (administrative distance) முடிவு செய்கிறது. சிஸ்கோ ரவுட்டர்களில் ஸ்டாடிக் ரூட்டின் மதிப்பு 1. புதிய இணைப்பில் பி.ஜி.பி. (ரவுட்டர்கள் தாமாக வழிகளைப் பரிமாறும் முறை) வழியாக வரும் ரூட்டின் மதிப்பு 20. சிறிய எண்ணே ஜெயிக்கும். ஆகவே போடியிலிருந்து தகவல் பழைய வி.பி.என். வழியாகப் போகும், வண்டன்மேட்டிலிருந்து பதில் புதிய வழியில் வரும். போனதைப் பார்க்காத ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு), பதிலைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு கிடங்கை மாற்றும்போதே அதன் பழைய ரூட்டை நீக்குங்கள், அல்லது மதிப்பை 200-க்கு மேல் ஏற்றிப் பின்துணையாக வையுங்கள்.

அடுத்தது பாக்கெட் அளவு. லேபிள் ஒன்றுக்கு 4 பைட். இத்தகைய சேவையில் வழக்கமாக இரண்டு ஒட்டப்படும். நடுவில் ஒரு கருவி 1508 பைட்டைத் தாங்காவிட்டால் சாதாரண பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பாக்கெட்) போகும், பெரிய பில் பாதியில் தொங்கும். பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பின் 28 பைட்டும் சேர்ந்து 1500 ஆகும். அது போய்த் திரும்பாமல் ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இந்த வழி தனியானதுதான், மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. பணக் கணக்கு போகுமிடத்தில் ஐ.பி.செக் (பாக்கெட்டை மறையாக்கும் முறை) இருக்கட்டும்.

மலைக்கு ஏறும் கம்பியை எந்த லேபிளும் காப்பாற்றாது. தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் ஃபைபரும் சேர்ந்து அறுகிறது. முதன்மை இணைப்பு குமுளி மலைப்பாதை வழியாக ஏறினால், மாற்று இணைப்பு போடிமெட்டு வழியாக வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு நிறுவனங்கள் ஒரே கம்பியை வாடகைக்கு எடுத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் குமுளியிலும் புற்றடியிலும் பழைய பிராட்பேண்டைத் துண்டிக்காமல் வைத்திருங்கள். வரத்து குறைவாக உள்ள கிடங்குக்கு எம்.பி.எல்.எஸ். வாடகை கட்டவே வேண்டாம்.