லினக்ஸ் நிறுவும்போது நெட்வொர்க்: கேட்டவையும் பதில்களும்

டெஸ்க்டாப்பில் லினக்ஸ் நிறுவும்போது வரும் நெட்வொர்க் சந்தேகங்களுக்கு மட்டும் இன்று பதில். டெபியன், ஃபெடோரா, உபுண்டு எல்லாம் லினக்ஸின் வகைகள். வால்பேப்பர் கேள்விகள் வேண்டாம்.

புதுக்கணினி: டெபியன் நிறுவியின் கடைசியில் வெப் சர்வர், எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நுழையும்) சர்வர் என்று ஒரு பட்டியல் வருகிறதே, எல்லாவற்றையும் டிக் செய்துவிடலாமா?

கூடாது. டெபியனில் ஒரு சேவையை நிறுவினாலே அது ஓடத் தொடங்கிவிடும். ஃபெடோராவில் பெரும்பாலும் நாமாக இயக்கினால்தான் ஓடும். வெப் சர்வரை டிக் செய்தால் அப்பாச்சி என்ற வெப் சர்வர் வந்து, நீங்கள் ஒரு பக்கமும் எழுதாமலே 80ஆம் போர்ட்டில், அதாவது நெட்வொர்க் கதவில், உட்கார்ந்திருக்கும். எதையும் பிறகு ஒரே கட்டளையில் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் இப்போது விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே டிக் செய்தவர்கள் டெர்மினலில் எஸ்எஸ் கட்டளையை டி, யு, எல், என் என்ற நான்கு எழுத்துகளோடு (ss -tuln) ஓட்டிப் பாருங்கள், திறந்திருக்கும் போர்ட்டுகள் தெரியும். லோக்கல் அட்ரஸ் பத்தி 127.0.0.1 என்று தொடங்கும் வரிகள் உங்கள் கணினிக்குள்ளேயே பேசுபவை. பிரிண்டருக்கான கப்ஸ் சேவை 631இல் அப்படித்தான் இருக்கும், பயம் வேண்டாம். அதே பத்தி 0.0.0.0 என்று தொடங்கினால் எல்லாப் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. அந்த வரி எதற்கு என்று உங்களுக்குத் தெரியவில்லையென்றால் தெரியும்வரை அந்தச் சேவையை நிறுத்தி வையுங்கள்.

தூக்கணாங்குருவி: நிறுவும்போது வைஃபை காட்டவே இல்லை.

வைஃபை கார்டுக்குள் ஓடும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லை. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது, பழைய நிறுவல் இமேஜைத் தூக்கிப் போடுங்கள். அப்படியும் வரவில்லையா? போனை யுஎஸ்பியில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள். நிறுவிக்கு அது வயர் இணைப்பு மாதிரிதான் தெரியும்.

வலைமீன்: சார், ஃபைல் பகிர நிலையான ஐபி வேண்டும். நிறுவும்போதே 192.168.1.50 என்று கொடுத்துவிடவா?

வேண்டாம். கணினியை டிஹெச்சிபியிலேயே (ரவுட்டர் தானாக ஐபி கொடுக்கும் முறை) விட்டு, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு, 50ஐ ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கையால் கொடுத்த எண் ரவுட்டர் பங்கிடும் வரம்புக்குள் இருந்தால், அதே எண்ணை அது வேறொரு போனுக்கும் கொடுக்கலாம். அப்புறம் இரண்டும் மாறி மாறி இணைப்பை இழக்கும்.

பழைய கை: ரவுட்டர் செத்தால்? புதிதாக வாங்கி மாட்டினால் உங்கள் ஒதுக்கீடெல்லாம் போச்சு. நான் எப்போதும் கணினியில்தான் எழுதுவேன்.

ரவுட்டர் மாறினால் ஒதுக்கீடு போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது ரவுட்டர் 192.168.0 வரிசையில் வந்தால் உங்கள் கணினியும் சேர்ந்தே போச்சு. கையால்தான் எழுதுவேன் என்பவர்கள் ரவுட்டரின் வரம்பை 100 முதல் 200 வரை சுருக்கிவிட்டு, அதற்கு வெளியே எண் எடுங்கள்.

தூக்கணாங்குருவி: சில மடிக்கணினிகளில் வைஃபையின் மேக் முகவரியே மாறிக்கொண்டிருக்கிறதே? ஒதுக்கீடு எப்படி நிற்கும்?

நல்ல அடி. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் வீட்டு வைஃபைக்கு மட்டும் வன்பொருளின் அசல் முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், நிற்கும்.

புதுக்கணினி: ஐபி எதற்கு? பெயருக்குப் பின்னால் புள்ளி, லோக்கல் என்று போட்டால் போதாதா?

போதும்! நாங்கள் இரண்டு பேரும் வீணாக அடித்துக்கொண்டோம். அவாஹி என்ற சேவை 5353ஆம் யுடிபி போர்ட்டில் பெயரைக் கண்டுபிடித்துத் தரும். நிறுவும்போது கணினிக்கு ஒழுங்கான பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது. விருந்தினர் வைஃபையில் மட்டும் பெரும்பாலும் வேலை செய்யாது, சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி அங்கே பிரித்துவைத்திருப்பார்கள்.

பழைய கை: நான் கையால்தான் எழுதுவேன்.

எழுதுங்கள்.

பனித்துளி: வைஃபை காட்டவில்லை.

மேலே இருக்கிறது.

நடைவண்டி: உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச் போட்டதும் ஃபயர்வாலையும் இயக்கலாமா?

முதலில் எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டை அனுமதியுங்கள், அப்புறம் இயக்குங்கள். நான் வரிசையை மாற்றிச் செய்து, வேறு அறையில் இருந்த திரையில்லாத கணினியை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டிருக்கிறேன். உபுண்டுவில் ஃபயர்வால் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் அணைந்திருக்கும். எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பை வைத்து நுழைய முடிகிறது என்று உறுதியானதும் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துங்கள். ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்துக்குக் காட்டாதீர்கள். காட்டவே காட்டாதீர்கள்.

வலைமீன்: சாம்பா போட்டேன் சார், என் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. எஸ்எம்பி 1ஐத் திறந்தால் சரியாகுமா?

விண்டோஸோடு ஃபைல் பகிரும் சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு, அதை அமைக்கத் தனிக் கட்டளை இருக்கிறது. பழைய பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி 1ஐத் தொடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

ஊசிமுனை: வைஃபை...

ஃபர்ம்வேர். புது இமேஜ். டெதரிங்.

மாலைவெயில்: விண்டோஸ் 11இல் நெட்வொர்க் வகை பப்ளிக்கா பிரைவேட்டா?

என் துறை இல்லை. வீட்டுக்கு வெளியே என்றால் பப்ளிக்.

பனித்துளி: டெதரிங்கில் வேலை முடிந்தது, நன்றி. முதலில் டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவி, பிறகு சேர்த்தேன். இப்போது வயர் இணைப்பு ஓடுகிறது, ஆனால் நெட்வொர்க் ஐகான் அதை நிர்வகிக்கவில்லை என்கிறது.

இப்படிக் கேளுங்கள்! டெபியன் நிறுவி அந்த இணைப்பைப் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவைத்திருக்கிறது. அங்கே பெயர் இருந்தால் நெட்வொர்க்மேனேஜர் தொடாது. கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, எல்ஓ (கணினி தனக்குள் பேசும் இணைப்பு) என்று இருக்கும் வரிகளை அப்படியே விட்டு, வயர் கார்டின் வரிகளுக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டு, கணினியை மறுபடி துவக்குங்கள். வரவில்லையென்றால் அந்தக் கோப்பில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள், இரவு பார்க்கிறேன்.