எச்சிவேரியாவுக்குத் தண்ணீர் எப்போது ஊற்றுவது? – கேள்வி பதில்

ரோஜாப்பூ அடுக்காக இலை விரிக்கும் சக்குலண்ட் (சதைப்பற்றான இலையில் நீர் சேமிக்கும்) செடிகளை, முக்கியமாக எச்சிவேரியாவை, வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வாரம் ஒரு தடவை ஊற்றினால் போதும் என்று நர்சரியில் சொன்னார்கள். சரியா அக்கா? (திருச்சி)

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். வெயில்படும் மொட்டைமாடியில் நாலு அங்குல மண் தொட்டி ஐந்தாறு நாளில் காய்ந்துவிடும். அதே செடி பிளாஸ்டிக் தொட்டியில் ஹாலுக்குள் இருந்தால் இரண்டு வாரம் கழித்தும் அடியில் ஈரம் நிற்கும். இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரிவரும்?

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடி வரை செருகுங்கள். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் நுனி கருத்திருக்கக் கூடாது, மண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது. அடுத்து, கீழிருந்து இரண்டாவது அடுக்கு இலையை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. தளர்ந்து, மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் தாகம். குச்சியும் இலையும் ஒரே பதிலைச் சொன்னால் மட்டும் ஊற்றுங்கள்.

தினமும் இரண்டு ஸ்பூன் ஊற்றுகிறேன். அளவாகத்தானே கொடுக்கிறேன்? (மதுரை)

அந்த இரண்டு ஸ்பூனில் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அடிவேருக்கு ஒன்றும் போய்ச் சேராது. மேலே தண்டு அழுகும், கீழே வேர் காயும். ஊற்றினால் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். அப்புறம் முழுக்கக் காயும் வரை தொடாதீர்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஸ்ப்ரே பாட்டிலை வேறு செடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, ஏப்ரல் மாதம். கத்தரி, தக்காளிக்கு இரண்டு வேளையும் ஊற்றுவதால் எச்சிவேரியாவுக்கும் காலையில் கொஞ்சம் ஊற்றினேன். ஒரே வாரத்தில் தண்டு கருத்து, இலையெல்லாம் தொட்டாலே உதிர்கிறது. வெயில் தாங்காமல்தானே?

வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம்தான் காரணம். கூடவே நீங்கள் ஊற்றிய தண்ணீரும்.

எச்சிவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதி. பகலில் நல்ல வெயில், இரவானால் குளிர். பகலில் நீர் வீணாகாமல் இருக்க இது இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்துச் சேமிக்கும். அதை வைத்து மறுநாள் பகலில் உணவு தயாரிக்கும். இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே மாதத்துச் சென்னையில் ராத்திரியே 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது. உதகையில் அதே மாதம் 15 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சூடு குறையாத இரவுகளில் செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும், தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. உறிஞ்சாத தண்ணீர் சூடான மண்ணில் கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதனால் சமவெளிக்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: கோடையில் மற்ற செடிகளுக்குக் கூட்டும்போது இதற்குக் குறையுங்கள்.

அதற்காகக் கருவாடாகக் காயவிடவும் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இலை நன்றாகச் சுருங்கிய பிறகு, பொழுது சாய்ந்து தொட்டி ஆறியதும், ஓரமாக வழக்கத்தில் பாதி ஊற்றுங்கள். முழுக்க நனைக்கும் விதிக்கு இந்த இரண்டு மாதம் மட்டும் விலக்கு. பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை நிழல்வலை வேண்டும். காற்றோட்டமும் கட்டாயம்.

இப்போது உங்கள் செடிக்கு: தலைப்பகுதி இன்னும் விறைப்பாக இருந்தால் காப்பாற்றலாம். சுத்தமான பிளேடால் தண்டைக் கருப்புக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பாக ஒரு புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்ட வேண்டும், வெள்ளையோ பச்சையோ மட்டும் தெரியும் வரை. ஒரு வாரம் நிழலில் காயவைத்து, காய்ந்த மண்கலவைமேல் சும்மா உட்காரவையுங்கள். வேர் எட்டிப்பார்த்த பிறகுதான் முதல் தண்ணீர். பழைய மண்ணை வேறு சக்குலண்டுக்குப் போடாதீர்கள்.

அடி இலை காகிதம் மாதிரி காய்ந்துபோகிறது. தண்ணீர் போதவில்லையா?

வயதான இலை, அவ்வளவுதான். நடு இலைகள் திடமாக இருந்தால் காய்ந்ததைக் கிள்ளிவிடுங்கள், பூச்சி ஒளிய இடமிருக்காது. பயப்பட வேண்டியது மஞ்சளித்து, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்து, தொட்டால் கொழகொழக்கும் இலையைப் பார்த்துத்தான். அது தண்ணீர் மிஞ்சியதன் அடையாளம்.

மழைத்தண்ணீர் நடு அடுக்கில் தேங்கி நிற்கிறது. இலைமேல் இருந்த வெள்ளைப் பொடியும் போய்விட்டது. துடைக்கலாமா? (கடலூர்)

துடைக்க வேண்டாம். அந்தப் பொடி செடியே சுரக்கும் மெழுகு, வெயிலுக்கும் ஈரத்துக்கும் கவசம். விரல் பட்ட இலையில் தடம் அப்படியே நிற்கும், புது இலை வந்தால்தான் பழைய அழகு. தேங்கிய நீரை வாயால் ஊதிவிடலாம், அல்லது டிஷ்யூ காகிதத்தின் முனையைத் தண்ணீரில் மட்டும் படும்படி வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். ஒரு நாள் மழை ஒன்றும் செய்யாது, மூன்று நாள் விடாமல் பெய்தால்தான் தலைவலி.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் இதற்கு ஊற்றலாமா?

வேண்டாம். உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறுவதே அதில்தான். தரை துடைக்கவும் பாத்ரூம் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். போர்த்தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாளி மழைநீர் பிடித்து மூடிவைத்தால் இந்தச் சின்னச் செடிகளுக்கு ரொம்ப நாள் வரும்.

ஊட்டி போனபோது ஒரு செடி வாங்கி வந்தேன். தண்ணீர் ஊற்றினால் மண்ணுக்குள் இறங்காமல் ஓரமாக ஓடிவிடுகிறது. (கோவை)

வெறும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், வளர்த்திருப்பார்கள். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. எங்கள் வெக்கைக்கு இரண்டுமே ஆபத்து. செடியை எடுத்து, வேரைச் சுற்றிய நார்த்தூளை மெதுவாக உதிர்த்துவிடுங்கள். உள்ளே வலைப்பை இருந்தால் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, பெருமணலோ பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல்துகள்) உடைத்த செங்கல் துண்டோ இரண்டு பங்கு. நட்டு ஐந்து நாள் கழித்து முதல் தண்ணீர். அறுந்த வேர் ஆறட்டும்.

மாற்றி நட இப்போது நேரமில்லை என்றால், தண்ணீர் நிரப்பிய தட்டில் தொட்டியை இருபது நிமிடம் வைத்து எடுங்கள், கீழிருந்து ஊறும்.

ஆபீஸ் மேஜையில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஹவார்த்தியா வைத்திருக்கிறேன். ஏ.சி. அறை, வெயிலே கிடையாது.

ஹவார்த்தியா தென்னாப்பிரிக்கச் செடி, புதர் நிழலில் வளரும் இனம். எச்சிவேரியாவைவிட வெளிச்சக் குறைவைத் தாங்கும். ஆனால் துளையில்லாத கிண்ணம் மகா தப்பு. மேலே வண்ணக் கூழாங்கல் போட்டிருப்பீர்கள், அடியில் குளம் நிற்பது தெரியாது. துளையுள்ள சின்னத் தொட்டிக்கு மாற்றி, ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கலாம், குச்சி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடி அடுக்கு கலைந்து, கொக்குக் கழுத்து மாதிரி நீண்டுகொண்டே போகிறது. தண்ணீரைக் கூட்டவா?

கூட்டினால் இன்னும் நீளும். வெளிச்சம் போதவில்லை. ஒரே நாளில் வெயிலில் வைத்துக் கருக்கிவிடாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பழக்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இருபது நாள் ஆகும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகட்டுமா?

துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றச் சொல்லி சாவியைக் கொடுங்கள். எச்சிவேரியாவுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை நன்றாக ஊற்றி வடியவிட்டு, அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வெளிச்சமாக வைத்துவிட்டுப் போய்வாருங்கள். பாசத்தில் அதற்கும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள்.