தேங்காய் எண்ணெயும் வேண்டாம், டபிள்யூடி-40 மட்டும் போதாது

நண்பரே, தேங்காய் எண்ணெய் தடவிய 12 போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி மடக்க வராமல் இறுகிவிட்டது, இனி டபிள்யூடி-40 என்ற ஸ்ப்ரே எண்ணெய் மட்டும் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஈரத்தை விரட்டவும் பழைய பிசுக்கைக் கரைக்கவும் அது நல்லது. ஆனால் விட்டுப்போகும் படலம் மெல்லியது, உராய்வுக்கு நிற்காது. தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பசையாகும்.

இரண்டு அறையிலும் தோட்டா இல்லையென்று கண்ணால் பார்த்துவிட்டுக் குழலைக் கழற்றுங்கள். கரைப்பான் தொட்ட வெண்கல பிரஷ்ஷைத் தோட்டா அறைப் பக்கமிருந்து விடுங்கள். பிறகு குழலுக்குள் விட்டெடுக்கும் துணி அழுக்கில்லாமல் வந்ததும் துப்பாக்கி எண்ணெயை லேசாகத் தடவினால் சரி. மடங்கும் கீலுக்கு மட்டும் துளி கிரீஸ். தாராளமாக ஊற்றினால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கெடுத்துவிடும். அப்புறம், சுடுவதற்கு முன் குழலை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.