பதிவு செய்யாத சிறு குழு, ஊர் மாசு பற்றிய வேலைக்கு மானியம் வாங்க முடியுமா? விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

முடியும். நீங்கள் சொன்ன நிலைமை இது: வீடுகளை ஒட்டிக் கனரக லாரிகள் ஓடுகின்றன, பக்கத்தில் ஓர் ஆலை, பிள்ளைகளுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வருகிறது. குடியிருப்போர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறீர்கள், பதிவு இன்னும் ஆகவில்லை. இப்படிப்பட்ட விண்ணப்பங்களை வாசித்துத் தேர்வு செய்யும் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சிறு மானியத்தைக் கண்டு எந்த ஆலையும் புகையை நிறுத்தாது, எந்த லாரியும் வழி மாறாது. அந்தப் பணத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஆதாரமும், அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசக்கூடிய ஆட்களும்தான். லாரி வழியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர் முன்னால் எதை வைத்தால் தட்டிக்கழிக்க முடியாது? இந்த இரண்டுக்கும் பதில் உள்ள விண்ணப்பம் குவியலில் தனியாகத் தெரியும். பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. விழிப்புணர்வு முகாம், துண்டறிக்கை, பேரணி, மரக்கன்று என்றுதான் பட்டியல் போகும். இரவெல்லாம் இருமும் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்குப் புகை கெடுதல் என்று முகாம் போட்டுச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்பார்ட்டன்பர்க் என்ற ஊரில், கைவிடப்பட்ட உர ஆலைக்கும் பழைய குப்பைக் கிடங்குக்கும் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், ஹெரால்டு மிட்செல் என்பவர் முன்னின்று தொடங்கிய ரீஜெனசிஸ் என்ற அமைப்பில் திரண்டார்கள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவர்களுக்குத் தந்த ஆரம்ப மானியம் வெறும் 20,000 டாலர். அதில் ஒரு குப்பை மேட்டைக்கூடச் சுத்தம் செய்ய முடியாது. நகராட்சி, மாவட்ட நிர்வாகம், ஆலை நிர்வாகம், மருத்துவத் துறையினர் என்று எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வேலையைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த முதலீடு 25 கோடி டாலருக்கு மேல். மருத்துவ மையம், புது வீடுகள் எல்லாம் அதில் வந்தவை. எல்லா ஊரிலும் இவ்வளவு நடக்காது. ஆனாலும் முதல் பணத்தை எதில் போடுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே முகமை 2005-இல் கேர் என்ற பெயரில் ஒரு மானியத் திட்டம் தொடங்கியபோது அதை இரண்டு படியாகப் பிரித்தது. முதல் படியில் கூட்டாளிகளைச் சேர்ப்பது, ஊரில் உள்ள மாசு மூலங்களை எல்லாம் கணக்கெடுப்பது, எதை முதலில் கையில் எடுப்பது என்று மக்களே முடிவு செய்வது. இரண்டாம் படிதான் செயல். நீங்கள் இப்போது நிற்பது முதல் படியில். அதையே வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாம் படி வேலைக்கு முதல் படிப் பணம் கேட்கும் குழுக்கள்தான் அதிகம் விழுகின்றன.

சரி, ஆதாரம் என்றால் என்ன? இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். நான் வாசித்த விண்ணப்பங்களில் இன்னும் கண்ணிலேயே நிற்கிற ஒன்றில் கையால் வரைந்த ஒரு தெருப்படம் இருந்தது. பிள்ளைகள் இன்ஹேலர் பயன்படுத்தும் வீடுகள் தெருவுக்கு எத்தனை என்று சிவப்புப் புள்ளிகள். லாரிகள் திரும்பும் முனைகளில் நீலக் கோடு. எடைமேடை திறக்கும்வரை இன்ஜினை அணைக்காமல் லாரிகள் காத்து நிற்கும் இடத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்கு நேர் எதிரே பள்ளி வாசல், ஓரத்தில் பென்சிலால் 'காலை 7 முதல் 9 வரை'. வீட்டு எண் எதுவும் போடவில்லை. நோயாளி யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அவர்கள் கேட்டது அந்த இரண்டு மணி நேரத்தை அளப்பதற்கும், எடைமேடை நிர்வாகத்தோடும் போக்குவரத்து அதிகாரிகளோடும் பேசுவதற்கும் ஆகும் செலவு மட்டும். எங்கள் குழுவில் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1996 கோடையில், வீ ஆக்ட் என்ற மக்கள் அமைப்பும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து நடைபாதைகளில் காற்றை அளந்தார்கள். பகுதி இளைஞர்களே மாதிரி எடுக்கும் கருவியை முதுகுப்பையில் சுமந்து நின்றார்கள், கடந்து போன பேருந்து, லாரிகளையும் எண்ணினார்கள். பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் அளவு இடத்துக்கு இடம் பெரிதாக மாறவில்லை. டீசல் கரித்துகளோ பேருந்தும் லாரியும் அதிகம் ஓடிய இடங்களில் மற்ற இடங்களைவிட நான்கு மடங்குவரை இருந்தது. வெறும் நுண்துகளை மட்டும் அளந்திருந்தால் 'உங்கள் தெருவும் மற்ற தெரு போலத்தான்' என்ற பதிலோடு திரும்பியிருப்பார்கள். உங்கள் பிரச்சினையும் லாரிதான் என்பதால், கரித்துகளை அளக்க ஒரு பல்கலைக்கழகத் துறையின் துணையைத் தேடுங்கள். வாகன எண்ணிக்கைக்குக் காசே தேவையில்லை, ஒரு நோட்டும் முறை வைத்து நிற்க ஆட்களும் போதும்.

மலிவு விலை நுண்துகள் கருவிகளையும் வைக்கலாம். அவை லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுபவை. காற்றில் ஈரம் ஏறினால் துகள் நீரை உறிஞ்சிப் பெருத்து, அளவு கூடுதலாகக் காட்டும். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் இடம் இதுதான். அதனால் அதிகாரபூர்வக் கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் கருவியைச் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். எந்த அளவோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலில் பிஎம் 2.5-க்கு ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15. உங்கள் நாட்டின் சட்ட வரம்பு வேறாக இருக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

உடல்நலம் பற்றி வாக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 'இரண்டு ஆண்டில் ஆஸ்துமா பாதியாகக் குறையும்' என்று எழுதினால் மருத்துவம் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சிறிய பகுதியில், குறுகிய காலத்தில் அதை நிரூபிக்கவும் முடியாது. அவசரச் சிகிச்சைக்கு ஓடியது எத்தனை தடவை, பள்ளிக்குப் போகாத நாள் எத்தனை என்பவற்றை எண்ணலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர்கள் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், தூசு, பூஞ்சை, கரப்பான் போன்றவற்றைக் குறைக்க உதவினார்கள். ஒரே ஒரு தடவை போன வீடுகளைவிட அந்த வீடுகளில் அவசரச் சிகிச்சைத் தேவை அதிகமாகக் குறைந்தது. லாரிகளோடு போராடும் காலத்திலேயே வீட்டுக்குள் செய்யக்கூடிய வேலை இது. விண்ணப்பத்தில் இதற்கும் ஒரு பகுதி ஒதுக்கலாம்.

பதிவு விஷயம்: பதிவுள்ள, கணக்குத் தணிக்கை ஒழுங்காக நடக்கும் ஓர் அமைப்பு உங்கள் சார்பில் பணத்தைப் பெற்றுத் தரலாம். பல நிதியாளர்கள் இதை ஏற்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொள்ளும் நிர்வாகப் பங்கு எவ்வளவு, செலவை முடிவு செய்வது யார் என்று எழுத்தில் வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள். அப்புறம், அரசு மானியங்கள் பலவற்றில் முதலில் நீங்கள் செலவழித்துக் கணக்குக் காட்டினால்தான் பணம் வரும். கையில் இருப்பே இல்லாத குழு அதில் மூச்சுத் திணறிப் போகும். முன்பணம் உண்டா என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். வரவுசெலவில் உங்கள் ஆட்களின் நேரத்துக்கும் கூலி போடுங்கள். ஆலோசகருக்கு மட்டும் சம்பளம், தெருவில் நின்று லாரி எண்ணும் பெண்ணுக்கு நன்றி மட்டும் என்பது அநியாயம்.

எங்கே தேடுவது? உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியத்தின் சிறு மானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் முன்னின்று நடத்திவந்திருக்கிறது. இதுவரை 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கியிருக்கிறது, வழக்கமான உச்ச வரம்பு நெடுங்காலம் 50,000 டாலராக இருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்த நாட்டுக் குழு, அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மை. ரசாயனமும் கழிவும் அதன் துறைகளில் ஒன்று என்பதால் உங்கள் வேலையில் ஆலைப் பகுதி அங்கே பொருந்தலாம். குளோபல் கிரீன்கிராண்ட்ஸ் ஃபண்ட் என்ற நிதி அமைப்பு வேறு மாதிரி, அந்தந்த வட்டாரத்தில் உள்ள ஆலோசகர்களின் பரிந்துரை வழியாகத்தான் பணம் தருகிறது. அங்கே ஆளை அறிமுகம் செய்துகொள்வதுதான் வேலை. உள்ளாட்சி, மருத்துவமனை அறக்கட்டளைகளையும் விடாதீர்கள்.

ஆலையே பணம் தர முன்வரும். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளை வெளியிடக் கூடாது, வெளியிடும் முன் எங்களிடம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் ஒரு காசும் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒரே நிதியாளரை நம்பியும் இருக்காதீர்கள். அமெரிக்காவில் 2025-இல் அரசு மாறியதும், ஒப்பந்தம் கையெழுத்தான சுற்றுச்சூழல் நீதி மானியங்கள் நூற்றுக்கணக்கில் பாதியிலேயே ரத்தாகின. ஆட்களை வேலைக்கு எடுத்துவிட்ட குழுக்கள் நடுவழியில் நின்றன. பணம் நின்றாலும் தொடரக்கூடிய வேலை எது என்று இப்போதே பிரித்து வையுங்கள். லாரி எண்ணுவது தொடரும், மாதக் கூட்டம் தொடரும், ஆய்வகச் செலவு நிற்கும்.

முதல் தடவை நிராகரிப்பு வந்தால், தேர்வுக் குழுவின் மதிப்பெண்ணையும் குறிப்பையும் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பல இடங்களில் தருவார்கள், பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. அந்தக் குறிப்புக்குப் பதில் சொல்லித் திரும்பி வந்த விண்ணப்பத்தை நாங்கள் எப்போதும் முதலில் எடுத்து வாசித்திருக்கிறோம்.